கூப்பிட்ட கடைகள்

கொழும்புக்கு வருகிற சொந்தக்காரரும் கூட்டாளிமாரும் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான்: எங்கே சாப்பிடலாம்? நான் இங்கே வேலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. குளிரூட்டிய பெரிய ஹோட்டல்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் இருந்தோமா, சாப்பிட்டோமா, கை கழுவினோமா என்று வந்துவிடக்கூடிய சாதாரணக் கடைகளில் எது நல்லது, எதை வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. இந்த ஞானம் நானாகச் சம்பாதித்ததல்ல. அம்மாவின் தம்பியான என் மாமாவிடமிருந்து, கொழும்புப் புறக்கோட்டைத் தெருக்களில், ஒரே பகலில் எனக்குக் கிடைத்தது. அந்தப் பகலில், கடைசிக் கடைக்குப் போய்ச் சேரும்வரை, மாமாவின் விதிகளில் ஒன்றைக்கூட நாங்கள் பின்பற்றவில்லை என்பது வேறு கதை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்தில் எங்கள் வீடு. வீடு என்று சொன்னாலும் நான்கு சுவர்தான் எழும்பியிருந்தது, கூரை ஏறவில்லை. சுவருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். அந்தக் கூரைக்காக அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். அப்பா விடிய வட்டைக்குப் போனார், பொழுதுபட வந்தார், அம்மா கொடுத்த தாள்களில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சிலும் சிக்கனம், நேரத்திலும் சிக்கனம். சாப்பிட உட்கார்வதும் எழும்புவதும் தெரியாது. மட்டக்களப்பு டவுனுக்கு உரம் வாங்கப் போனால் ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கமாட்டார். வட்டையில் வேலை கிடக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். இவரோடு எங்கேயும் ஆறுதலாக ஒரு இடம் போய்வர முடியாது என்று அம்மா சொல்லாத நாளில்லை.

எனக்கு அந்தப் பயணம் குவைத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. அது சஹனைப் பற்றியது. மாமா புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை பார்த்தார். தான் பார்த்த கடைகளிலேயே சிறந்ததொன்றில் எங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவதாக மாதக்கணக்கில் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சஹன் புரியாணி கிடைக்கும். சஹன் என்றால் அகலமான பெரிய வட்டத் தட்டு; முஸ்லிம் கலியாண வீடுகளில் அதில் சோற்றைக் குவித்து, சுற்றி இருந்து எல்லோரும் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். காத்தான்குடியில் ஒரு கூட்டாளியின் கலியாணத்தில் அப்பா அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். நான் கேள்விப்பட்டதோடு சரி.

தட்டின் அகலத்தைவிட எனக்கு வேறொரு காரணம் இருந்தது. அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்பியபின், அடுப்படியில், சட்டியோடு வைத்து அவர் சாப்பிடுவார் என்று ஊகித்திருந்தேன், கண்ணால் கண்டதில்லை. ஒரே தட்டு என்றால் அம்மா எப்படிக் கடைசியாகச் சாப்பிட முடியும்? இதை மாமாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"ஒரு தட்டு, நாலு பேர்," என்றார் மாமா. "உங்கம்மாக்குத் தப்ப ஏலா."

இரவு ரயிலில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கினோம். காலையெல்லாம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக் கந்தோரில் போயிற்று. அம்மாவின் பெட்டியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றரைக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு வான் வண்டி. அதில் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். கந்தோர் வாசலில் வைத்தே மாமா நிகழ்ச்சி நிரலை அறிவித்தார்: முதலில் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு கந்தோர், மறுகா வான். மறுகா என்றால் எங்கள் பேச்சில் அதற்குப் பிறகு என்று அர்த்தம். அந்தச் சொல்லை மாமா கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னார். அரைநாள் லீவு எடுத்து வந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமென்ற கவலை.

சஹன் கடை புறக்கோட்டையின் உள்ளே, ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. நேராக நடந்தால் சோற்றுக் கடைகள் அடுத்தடுத்து வரும் தெரு வழியாகப் போக வேண்டும். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தபடியே கடைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். பெயர்ப்பலகையில் கோழியின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ உள்ளே கோழி அவ்வளவு சிறிதாக இருக்கும். மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று பார். அவர்களுக்குப் பசியும் அதிகம், ஏமாறுகிற பொறுமையும் கிடையாது. உள்ளே போனதும் கதிரையைப் பார்க்காதே, கை கழுவுகிற இடத்தைப் பார். அங்கே சவர்க்காரம் இருக்கிறதா? ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா? மதியம் தாண்டியும் கண்ணாடி அலுமாரி நிறைய வடை இருந்தால் அது நேற்றையது. எல்லாவற்றுக்கும் மேலாக, காசு வாங்குகிற முதலாளி மதியத்தில் என்ன சாப்பிடுகிறார் என்று கவனி. அவருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறதென்றால், நீயும் உன் வீட்டிலேயே போய்ச் சாப்பிடு.

இந்த விதிகள் எல்லாவற்றிலும் நான் மயங்கிப்போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாவது கடைக்காரன் கூப்பிட்டான்.

அந்தத் தெருவில் கடைக்கு ஒருவர் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவது வழக்கம். சோறு, கொத்து, புரியாணி, உள்ளே வாங்க, இடமிருக்கு என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் நின்று கேட்பதில்லை. அப்பா நின்றார். கூப்பிட்ட பொடியனுக்கு நேரே திரும்பி, நாங்கள் வேறொரு இடத்தில் சாப்பிடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறோம், குறை நினைக்கக் கூடாது என்று விளக்கினார். இப்படி யாராவது தனக்கு விளக்கம் சொல்லி அந்தப் பொடியன் கேட்டிருக்கமாட்டான். ஒரு கணம் திகைத்துவிட்டு, பரவாயில்லை ஐயா, ஒரு பிளேன்டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றான். அப்பா செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"அத்தான், அவன் எல்லாரையும்தான் கூப்பிடுவான்," என்றார் மாமா பின்னாலேயே போய். "அது அவன்ட வேல."

"அவன்ட வேலைய அவன் செய்தான். கூப்பிட்ட இடத்தில வாய் நனைக்காமப் போறது நம்மட பழக்கம் இல்ல தம்பி."

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது, எங்கள் ஊர் நியாயம். அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் வாடி என்கிற சிறு கொட்டில் போட்டுத் தங்கியிருப்பவர்கள், சாப்பிடும் நேரத்தில் வரம்பில் யார் போனாலும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வர வேண்டும். பசியில்லை என்றாலும் கையை நனைத்து ஒரு பிடி சோறாவது, அதுவும் முடியாவிட்டால் ஒரு மிடறு தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கேளாதவர் போல் போகிறவர் மனதில் பகை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப் போன ஒருவரோடு எங்கள் பெரியப்பா இரண்டு போகம் கதைக்காமல் இருந்திருக்கிறார். ஆனாலும் வாடி வேறு, புறக்கோட்டை வேறு என்பது எனக்கே தெரிந்திருந்தது. என் தகப்பனுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மேசையில் ரோல்ஸும் கட்லட்டும் ஒரு தட்டு நிறைய வந்து இறங்கியது. சும்மா வைத்துவிட்டுப் போனால் நன்றாயிராது என்று அப்பா ஆளுக்கொன்றை எடுத்துக் கொடுத்தார். மாமா கை கழுவுகிற இடத்தை எனக்குக் கண்ணால் காட்டினார். சவர்க்காரம் இல்லை. அம்மா பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்றால் இதற்குள் நான்கு வேலை முடித்திருப்பார். தேத்தண்ணி ஆறிக் கறுத்துப்போனது.

இரண்டாவது கடை பத்தடியில் வந்தது. கூப்பிட்டார்கள், போனோம். கண்ணாடி அலுமாரியில் நேற்றைய வடைகள் அசையாமல் இருந்தன. மூன்றாவது கடையில் முதலாளி மேசையிலேயே தன் வீட்டுச் சாப்பாட்டைத் திறந்து வைத்து, எங்கள் கண்முன்னே சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தை நான் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். அப்பாவோ அந்த முதலாளிக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் பதுளைப் பக்கம். அங்கே இந்த வருஷம் மழை எப்படி, மரக்கறி எப்படி, குரங்குத் தொல்லை உண்டா என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்குச் செலவழிக்கிற வார்த்தைகளை அங்கே ஒரு பிளேன்டீக்குச் செலவழித்தார்.

வெளியே வந்ததும் மாமா தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். இப்போதே போனால்தான் சஹன் கடையில் இடம் கிடைக்கும், நிம்மதியாகச் சாப்பிட்டு நேரத்தோடு கந்தோருக்குப் போகலாம் என்று அம்மாவிடம் முறையிட்டார். அக்கா சொன்னால் அத்தான் கேட்பார் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கும்தான். அப்பாவின் பிழைகளைத் திருத்துவது அம்மாவின் பொறுப்பாகவே எப்போதும் இருந்தது. அம்மா இப்போது ஒரு சொல் சொல்லுவார், நாங்கள் நேரே சஹனுக்குப் போய்விடுவோம் என்று காத்திருந்தேன்.

அம்மா தெருவின் மறுபக்கத்தைக் கையால் காட்டினார்.

"அந்தா தம்பி, அந்தக் கடையில ஒரு வயசாளி கூப்பிடுறார். நாம கேக்காத மாதிரிப் போனா அந்த மனிசன் என்ன நினைக்கும்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருவருக்குத்தான் புத்தி பேதலித்திருக்கிறது என்று நினைத்தால் இப்போது இருவருக்கும். அந்த வயசாளி எங்களைக் கூப்பிடவே இல்லை. அவர் அந்தப் பக்கம் போன ஒரு நாட்டாமியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லலாம் என்று மாமாவைப் பார்த்தேன். மாமா அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதை வெளியில் எடுக்கவில்லை.

"ஓம் அக்கா," என்றார். "போகாட்டிச் சரியில்லத்தான்."

அந்த இடத்திலிருந்து மாமாவும் கெட்டுப்போனார். வயசாளியின் கடையில் மேசை ஒட்டியது, குவளையின் விளிம்பு உடைந்திருந்தது, ஒரு நாட்டாமிகூட உள்ளே இல்லை. மாமா அங்கே உட்கார்ந்து, தேத்தண்ணி நல்லாயிருக்கு, இன்னொன்று குடிப்போமா என்று கேட்டார். அம்மாவும் ஓம் என்றார். அப்பா அம்மாவுக்கு எதிரே இருந்தார். மூன்று பெரியவர்கள், கையில் குவளையோடு, எங்கள் ஊரில் மாடு கட்டுகிற கயிற்றைப் பற்றியும் பக்கத்து வளவுக் கிணற்றைப் பற்றியும் கதைத்தார்கள். கயிற்றைப் பற்றிக் கதைப்பதற்கா கொழும்புக்கு வந்தோம்? என் வயிறு தேத்தண்ணியால் நிறைந்து குலுங்கிற்று. ஊராட்களைக் கொழும்புக்குக் கூட்டிவரவே கூடாது என்று முடிவு செய்தேன். நான் வளர்ந்து இங்கே வந்தால் தனியாகத்தான் வருவேன்.

சஹன் கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மாமாவின் விதிகள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடியிருந்தன. பெயர்ப்பலகையில் படமே இல்லை. சவர்க்காரம் பாதி தேய்ந்து, ஈரமாக இருந்தது. முதலாளி மூலை மேசையில் தன் கடைப் புரியாணியையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு வந்தது, நான் நினைத்ததைவிடப் பெரிது. மேலே கோழியும் முட்டையும், ஓரத்தில் அச்சாறும். நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

அம்மா சாப்பிட்டார். நான் பார்த்தேன். சின்னச் சின்னப் பிடியாக, மற்றவர்களின் பக்கத்தைத் தொடாமல், தன் முன்னால் இருந்த சோற்றின் விளிம்பிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். கோழித் துண்டு அவர் பக்கம் வந்தபோதெல்லாம் அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். அப்பா அதை அம்மாவின் பக்கமே திரும்பத் தள்ளினார். அந்த ஒரு துண்டு தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் அதைச் சாப்பிடவில்லை. கூரை போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, அதே வீட்டில் அம்மா இன்றும் எல்லோருக்கும் கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். அதனால் அந்த மதியத்தை நான் விட்டுக்கொடுப்பதாயில்லை.

யாருக்கும் பசியில்லை. சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. அவசரக்காரரான அப்பா ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டார். நல்ல கடை என்று மாமாவிடம் சொன்னார். மாமா தலையாட்டினார். கடைசியில் கடைப் பொடியன் வந்து, இதைக் கட்டித் தரட்டுமா என்று கேட்டபோது மூவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள்.

கந்தோர் வாசலில் வான் நின்றது. வாங்க வாங்க, நேரமாகுது என்று சாரதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். அம்மா என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"அப்பா சாப்பிடக் கூப்பிட்டா உடன போகணும் மகள். ரெண்டாந்தரம் கூப்பிட வைக்கப்படாது."

நான் சரி என்றேன். வயிறு கனமாக இருந்தது, அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாரதி மறுபடி கூப்பிட்டான், அம்மா ஏறினார். வான் திரும்பும்வரை அப்பா புரியாணிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். ரயிலிலும் அது அவர் மடியில்தான் இருந்தது. பிரிக்கவில்லை.

விடிய மட்டக்களப்பில் இறங்கி, எங்கள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தோம். பஸ் நிலையத்துக்கு எதிரே கடைகள் திறந்திருந்தன. வாசலில் நின்ற ஒருவர் அப்பாவைப் பார்த்து, வாங்க அண்ணன், இடியப்பம் சூடாக இருக்கு, பிள்ளைக்கும் பசிக்குமே என்று கூப்பிட்டார். நன்றாகவே கேட்டது. அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அடுத்த கடையிலும் கூப்பிட்டார்கள். அதையும் தாண்டிப் போனார். முதல் நாள்தான் முறையைக் கற்றிருந்த எனக்கு இது பெரிய பிழையாகப்பட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, கூப்பிடுறாங்க."

"பஸ் போயிரும் மகள்," என்றார் அப்பா. "வட்டையில வேல கிடக்கு."

பஸ் புறப்படுவதற்கு வெகுநேரம் இருந்தது. உள்ளே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அப்பா யன்னல் பக்கம் இருந்து, வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: ஊரில் கடைக்காரர் கூப்பிட்டால் போகத் தேவையில்லை. கொழும்பில்தான் போக வேண்டும். ஊருக்கு ஊர் முறை வேறு.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில், கொழும்பில் என்ன பார்த்தாய் என்று டீச்சர் என்னை எழுப்பிக் கேட்டார். எங்கள் வகுப்பில் கொழும்பைப் பார்த்தவர்கள் அதிகமில்லை. நான் ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை, உயரமான கட்டடங்களைப் பற்றியும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கொழும்பில் கடைக்காரர் கூப்பிட்டால் உள்ளே போகாமல் வரக் கூடாது, அங்கே அதுதான் வழக்கம் என்றேன். வயிறு நிறைந்திருந்தால் என்ன செய்வது என்று கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

"நிறைஞ்சிருந்தாலும் போகணும். எங்கம்மாவும் அப்பாவும் கடை கடையாப் போனாங்க டீச்சர். அவங்களுக்குக் கொஞ்சமும் பசியில்ல. ஒராள் கூப்பிடவே இல்ல, அங்கயும் போனாங்க. அம்மா குவைத்துக்குப் போற நேரம் வரைக்கும் போனாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை மறுபடியும் துடைத்தார். நான் இவ்வளவு வேடிக்கையாகச் சொன்ன பிறகும் அவர் சிரிக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.